ஓஃபைர்த் (தொலைக்காட்சித் தொடர்)

ஓஃபைர்த் என்பது ஐஸ்லாந்து நாட்டில் தயாரிக்கப்பட்ட ஒரு குற்றப்புனைவுத் தொலைக்காட்சித் தொடராகும். ஐஸ்லாந்துக்கு வெளியே இது 'டிராப்டு' (சிக்கிக்கொண்டோர்) என்னும் ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. திரைப்பட இயக்குநர் பல்தாசர் கோர்மாகுர் இதனை உருவாக்கினார். இதன் முதற் பருவம் 2015 திசம்பர் 27 அன்று ஐஸ்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ரூவ் தொலைக்காட்சியில் தொடங்கியது. கிழக்கு ஐஸ்லாந்தில் கடும் பனிப்புயலால் வெளியுலகத் தொடர்பை இழந்த ஒரு சிறு துறைமுக ஊரில், மூன்றே காவலர்கள் ஒரு கொலையைத் துப்பறிவதே முதற் பருவத்தின் கதையாகும். இரண்டாம் பருவம் 2018 திசம்பரிலும் மூன்றாம் பருவம் 2021 அக்டோபரிலும் ஒளிபரப்பாகத் தொடங்கின.

ஐஸ்லாந்திய மொழியில் எடுக்கப்பட்ட தொடர்களுள் உலக அளவில் பரவலாகப் பார்க்கப்பட்ட முதற் சில தொடர்களில் இதுவும் ஒன்றாகும். ஏறத்தாழ மூன்றே கால் இலட்சம் மக்களே பேசிய ஒரு மொழியிலான தொடர், மொழிமாற்றமின்றி எழுத்துரையுடன் மட்டும் பிரித்தானியாவில் ஒளிபரப்பப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

பெயர்

'ஓஃபைர்த்' என்னும் ஐஸ்லாந்தியச் சொல், பனியாலோ புயலாலோ சாலைகள் செல்ல முடியாத நிலையில் இருப்பதைக் குறிக்கும். குளிர்காலத்தில் ஐஸ்லாந்தின் வானொலி வானிலை அறிவிப்புகளிலும் அன்றாடப் பேச்சிலும் இது மிக இயல்பாகப் புழங்கும் சொல்லாகும். ஆங்கிலப் பெயர் சிக்கிக்கொண்ட மனிதரைச் சுட்ட, மூலப்பெயரோ மூடிய பாதையைச் சுட்டுகிறது. பாதை மூடியிருப்பது என்னும் இந்த ஒரு நிலையிலிருந்தே முதற் பருவத்தின் கதை முழுவதும் விரிகிறது.

கதைக்களம்

கதை நிகழும் ஊர் செய்திஸ்ஃபியோர்துர் ஆகும். இது ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நுழைகழியின் (பியோர்டு) உள்முனையில் அமைந்துள்ள உண்மையான ஊராகும். இதன் மக்கள்தொகை 700-க்கும் குறைவு. ஊரின் இருபுறமும் செங்குத்தான மலைகள் உள்ளன. நிலவழியாக வெளியேற ஒரே ஒரு சாலைதான் உண்டு. அது கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஃபியார்தர்ஹெய்தி என்னும் மலைக்கணவாயைக் கடந்து எகில்ஸ்ஸ்தாதிர் நகரைச் சென்றடைகிறது. குளிர்காலத்தில் பனியாலும் புயலாலும் இக்கணவாய் அடிக்கடி மூடப்படும்.

சிறிய ஊராயினும் செய்திஸ்ஃபியோர்துர் வெளியுலகுக்கு ஒரு வாயிலாகவே இருந்து வந்துள்ளது. 1906-ஆம் ஆண்டு ஐஸ்லாந்தை ஐரோப்பாவுடன் இணைத்த முதல் கடலடித் தந்திக்கம்பி இங்குதான் கரையேறியது. டென்மார்க்கிலிருந்து பரோயே தீவுகள் வழியாக வரும் நோரோனா என்னும் பயணிகள் கப்பலும் இங்குதான் வந்து சேர்கிறது. தம் சொந்த வண்டிகளுடன் ஐரோப்பாவிலிருந்து கடல்வழியாக ஐஸ்லாந்துக்கு வருவோர் இக்கப்பலையே பயன்படுத்துகின்றனர். வெளிநாட்டார் நூற்றுக்கணக்கில் வந்திறங்கும் துறைமுகமும், ஒரே நாளில் எவரும் வெளியேற முடியாதபடி மூடிக்கொள்ளும் மலைப்பாதையும் ஒரே ஊரில் அமைந்திருப்பது தொடரின் கதைக்கு அடிப்படையாயிற்று.

கதைச் சுருக்கம்

முதற் பருவம்

டென்மார்க்கிலிருந்து பயணிகள் கப்பல் துறைமுகத்தை அடையும் அதே நாளில், மீனவர் சிலர் கடலிலிருந்து தலையும் கைகால்களும் அற்ற ஓர் ஆண் உடலை மீட்கின்றனர். உடல் கப்பலிலிருந்து எறியப்பட்டிருக்கலாம் என்னும் ஐயத்தால், பயணிகள் எவரும் கரையிறங்கக் கூடாது என உள்ளூர்க் காவல்துறைத் தலைவர் ஆந்திரி உத்தரவிடுகிறார். கப்பலின் டேனியத் தலைவர் ஒத்துழைக்க மறுக்கிறார். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து கொலைப்பிரிவு அதிகாரிகள் வரவேண்டும். ஆனால் பனிப்புயல் எழுந்து கணவாய் மூடிவிடுகிறது. வானூர்தியும் இறங்க இயலாது. ஆகவே உடலை மீன் பதனிடும் ஆலையின் குளிரறையில் வைத்துவிட்டு, ஆந்திரியும் அவருடன் பணிபுரியும் ஹின்ரிக்கா, ஆஸ்கெயிர் ஆகிய இருவரும் தாமே விசாரணையைத் தொடங்குகின்றனர்.

கப்பலில் வந்த லித்துவேனிய ஆட்கடத்தல்காரன் ஒருவன், நைசீரியாவைச் சேர்ந்த இரு இளம்பெண்களுடன் தப்ப முயல்கிறான். இதற்கிடையே ஊருக்கு மேலுள்ள மலையில் பனிச்சரிவு ஏற்படுகிறது, மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. விசாரணை தொடரத் தொடர, ஏழு ஆண்டுகளுக்கு முன் ஊரின் பழைய மீன் ஆலையில் நேர்ந்த தீ விபத்து மீண்டும் பேசுபொருளாகிறது. அவ்விபத்தில் ஆந்திரியின் மனைவியின் தங்கை இறந்திருந்தாள். அப்போது அவளுடன் இருந்து உயிர் தப்பிய ஹியோர்துர் என்னும் இளைஞன்மீது ஊரார் இன்றும் பழி சுமத்துகின்றனர். அயல்நாட்டுக் கப்பலில் தொடங்கிய விசாரணை இவ்வாறு படிப்படியாக ஊரின் பெரிய மனிதர்களை நோக்கித் திரும்புகிறது. சீன முதலீட்டில் அமையவிருக்கும் ஒரு பெருந்துறைமுகத் திட்டமும், அதற்காக நிலம் விற்றல் வாங்கலில் ஈடுபட்டுள்ளோரின் நலன்களும் வெளிப்படுகின்றன.

இரண்டாம் பருவம்

ரெய்க்யவிக் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன், ஒருவர் தொழில்துறை அமைச்சரைப் பற்றிக்கொண்டு தம்மீதும் அவர்மீதும் தீ வைக்கிறார். அவர் அமைச்சருடன் இரட்டையராகப் பிறந்தவர் என்பது தெரியவருகிறது. இதனை விசாரிக்க ஆந்திரி மீண்டும் கிழக்குப் பகுதிக்கு அனுப்பப்படுகிறார். அங்கு இப்போது காவல்துறைத் தலைவராக இருப்பவர் ஹின்ரிக்கா. அலுமினிய ஆலை விரிவாக்கம், அதனை எதிர்க்கும் உழவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்மீது வெறுப்பை வளர்க்கும் தீவிர தேசியவாதக் குழு ஆகியன இப்பருவத்தின் பின்னணியாகும். கதை இலையுதிர் காலத்தில் நிகழ்வதால் பனிப்புயலுக்கு இதில் பெரிய இடமில்லை.

மூன்றாம் பருவம்

வடக்கு ஐஸ்லாந்தில் ஓர் ஆன்மிகக் குழுவினர் வாழும் நிலத்தில் நிகழும் கொலையையும், அந்நிலத்தின்பொருட்டு அவர்களுடன் மோதும் மோட்டார் மிதிவண்டிக் கும்பலையும் இப்பருவம் மையமாகக் கொண்டது. ஆந்திரி தம் முந்தைய வழக்கு ஒன்றில் விட்டுச்சென்ற வினாக்களை இதில் மீண்டும் எதிர்கொள்கிறார். இது எட்டுப் பகுதிகளைக் கொண்டது. முதலிரு பருவங்களும் பத்துப் பத்துப் பகுதிகள் கொண்டவை.

முதன்மைக் கதைமாந்தர்

ஆந்திரி ஓலாஃப்சன் (நடிப்பு: ஓலாஃபுர் தாரி ஓலாஃப்சன்) – உள்ளூர்க் காவல்துறைத் தலைவர். முன்பு தலைநகரில் துப்பறிவாளராகப் பணியாற்றியவர். மனைவி பிரிந்து சென்றபின் தம் இரு பெண்குழந்தைகளுடன் மாமனார் வீட்டிலேயே வசிப்பவர்.

ஹின்ரிக்கா (இல்முர் கிறிஸ்டியான்ஸ்தோத்திர்) – ஆந்திரியின் சக காவலர். ஊரையும் ஊராரையும் நன்கறிந்தவர். குறைவாகப் பேசிக் கூர்ந்து நோக்குபவர்.

ஆஸ்கெயிர் (இங்வார் சிகுர்த்சன்) – மூவரில் மூத்த காவலர். பெருங்குற்றங்களைக் கையாண்டு பழகாதவர்.

ஆக்னெஸ் (நீனா தொக் ஃபிலிப்புஸ்தோத்திர்) – ஆந்திரியின் பிரிந்த மனைவி. தம் புதிய துணைவருடன் குழந்தைகளைக் காண வந்து புயலில் சிக்கிக்கொள்பவர்.

ஹியோர்துர் (பல்தாசர் பிரெக்கி சம்பர்) – தீ விபத்தில் உயிர் தப்பிய இளைஞன். நடிகர், தொடரை உருவாக்கிய கோர்மாகுரின் மகனாவார்.

கப்பல் தலைவர் (பியார்னே ஹென்றிக்சன்) – இவ்வேடமேற்ற டேனிய நடிகர், 'ஃபோர்ப்ரிதெல்சன்' (2007) என்னும் டேனியக் குற்றத் தொடரில் கொலையுண்ட பெண்ணின் தந்தையாக நடித்துப் புகழ்பெற்றவர்.

ஐஸ்லாந்தியப் பெயர்களில் இரண்டாவதாக வருவது பெரும்பாலும் குடும்பப் பெயர் அன்று. 'சன்' என்னும் ஈறு இன்னாரின் மகன் என்றும், 'தோத்திர்' என்னும் ஈறு இன்னாரின் மகள் என்றும் பொருள் தரும். ஆகவே காவல்துறைத் தலைவராயினும் அமைச்சராயினும் முதற்பெயராலேயே அழைக்கப்படுவது அந்நாட்டு வழக்கமாகும். தொடரிலும் இவ்வாறே வருகிறது. இதனைக் கதைமாந்தரின் நெருக்கத்துக்கோ மரியாதைக் குறைவுக்கோ அடையாளமாகக் கொள்ளலாகாது.

தயாரிப்பு

பல்தாசர் கோர்மாகுர் (பிறப்பு: 1966) '101 ரெய்க்யவிக்' (2000), 'மீரின்' (2006), 'எவரெஸ்ட்' (2015) ஆகிய திரைப்படங்களை இயக்கியவர். ஐஸ்லாந்தியக் குற்றப்புனைவு எழுத்தாளர் ஆர்னால்துர் இந்திரிதாசனின் புதினத்தை அடிப்படையாகக் கொண்டது 'மீரின்' ஆகும். கோர்மாகுரின் ஆர்விகே ஸ்டுடியோஸ் நிறுவனம் ஓஃபைர்த் தொடரைத் தயாரித்தது. முதற் பருவத்தின் திரைக்கதையைச் சிகுர்யோன் கியார்தான்சன், பிரித்தானிய எழுத்தாளர் கிளைவ் பிராட்லி உள்ளிட்டோர் எழுதினர். பகுதிகளைக் கோர்மாகுருடன் பால்த்வின் சொஃபோனியாசன், ஓஸ்கார் தோர் அக்செல்சன், போர்குர் சிக்தோர்சன் ஆகியோர் இயக்கினர். தயாரிக்கப்பட்ட காலத்தில் ஐஸ்லாந்தின் மிக அதிகச் செலவிலான தொலைக்காட்சித் தொடராக இது குறிப்பிடப்பட்டது.

கதை செய்திஸ்ஃபியோர்துரில் நிகழ்வதாயினும், முதற் பருவத்தின் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி நாட்டின் வடகோடியில் உள்ள சிக்லுஃபியோர்துர் என்னும் மற்றோர் ஊரில் எடுக்கப்பட்டது. இதுவும் மலைகளால் சூழப்பட்ட ஒரு நுழைகழி ஊராகும். ஒரு காலத்தில் ஐஸ்லாந்தின் ஹெர்ரிங் மீன்பிடித் தொழிலுக்குத் தலைநகராக விளங்கிய இவ்வூர், 1960-களின் இறுதியில் ஹெர்ரிங் மீன் கூட்டங்கள் மறைந்தபின் நலிவுற்றது. 2010-இல் மலையைக் குடைந்து புதிய சுரங்கச்சாலைகள் திறக்கப்படும்வரை குளிர்காலத்தில் இவ்வூருக்குச் செல்வது கடினமாகவே இருந்தது. சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால், நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி இறுதிவரை இவ்வூரில் நேரடியாகக் கதிரவனைக் காண இயலாது. தொடரின் காட்சிகளில் காணப்படும் அரையிருள் இத்தகைய நிலப்பரப்புக்கு இயல்பானதேயாகும்.

இசையை யோஹான் யோஹான்சன், ஹில்துர் குத்னாதோத்திர், ருட்கர் ஹூடமேக்கர்ஸ் ஆகியோர் அமைத்தனர். யோஹான்சன் 2018 பிப்ரவரியில் காலமானார். ஹில்துர் பின்னர் 'ஜோக்கர்' திரைப்படத்தின் இசைக்காக 2020-இல் ஆஸ்கர் விருது பெற்றார். தொடரின் தொடக்கக் காட்சியில் உயரத்திலிருந்து பார்க்கப்படும் நிலத்தோற்றங்களும், உயிரற்ற மனித உடலின் அண்மைத் தோற்றங்களும் ஒன்றையொன்று ஒத்தவையாக அடுத்தடுத்து வருகின்றன.

கதையில் வானிலையின் பங்கு

மூடிய இடத்தில் கொலை நிகழ்வதும், கொலையாளி உள்ளேயே இருப்பதும் குற்றப்புனைவில் நெடுநாளாக உள்ள அமைப்பாகும். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பனியில் நின்றுவிட்ட தொடர்வண்டியிலும் தனித்தீவிலும் இவ்வமைப்பைக் கையாண்டார். ஓஃபைர்த் தொடர் இதனை ஒரு முழு ஊருக்கு விரிவுபடுத்துகிறது. ஆனால் அறிவாற்றல் மிக்க தனித் துப்பறிவாளர் எவரும் இதில் இல்லை. ஆய்வகமோ உடற்கூற்று வல்லுநரோ உதவிப்படையோ இல்லாத நிலையில், சாலை விபத்துகளையும் சில்லறைப் பூசல்களையும் கவனித்து வந்த காவலர்களே கொலை விசாரணையை நடத்த நேர்கிறது.

இதன் விளைவாக எழும் சிக்கலே தொடரின் கருப்பொருளாகும். விசாரிப்பவருக்கும் விசாரிக்கப்படுபவருக்கும் இடையே இங்குத் தொலைவு இல்லை. ஐயத்துக்கு உரியவர் மாமனாராகவோ, அண்டை வீட்டாராகவோ, முன்னாள் மேலதிகாரியாகவோ இருக்கிறார். தலைநகரிலிருந்து அதிகாரிகள் உரிய நேரத்தில் வந்திருந்தால், அவர்கள் கப்பலையும் அயல்நாட்டாரையும் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கக் கூடும். பாதை மூடியதாலேயே ஊர் தன்னைத் தானே விசாரிக்க வேண்டியதாகிறது. ஏழு ஆண்டுகளாகப் பேசப்படாதிருந்த தீ விபத்தும் அதனாலேயே மீண்டும் பேசப்படுகிறது.

மெய்யான பின்னணி

குற்றமும் காவல்துறையும்

ஐஸ்லாந்து உலகில் மிகக் குறைவான கொலைகள் நிகழும் நாடுகளுள் ஒன்றாகும். தொடர் வெளிவந்த காலத்தில் அங்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு கொலைகளே நிகழ்ந்து வந்தன. ஒரு கொலைகூட நிகழாத ஆண்டுகளும் உண்டு. சுற்றுக்காவலில் ஈடுபடும் காவலர்கள் வழக்கமாகத் துப்பாக்கி ஏந்துவதில்லை. 1944-இல் குடியரசானது முதல், காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்த முதல் நிகழ்வு 2013 திசம்பரில்தான் நேர்ந்தது. ஆகவே தொடரில் காவலர்கள் காட்டும் தடுமாற்றம் மிகைப்படுத்தப்பட்டதன்று.

பனிச்சரிவு

பனிச்சரிவு ஐஸ்லாந்தின் நுழைகழி ஊர்களுக்கு உண்மையான பேரிடராகும். செய்திஸ்ஃபியோர்துரில் 1885 பிப்ரவரி 18 அன்று பியோல்ஃபுர் மலையிலிருந்து இறங்கிய பனிச்சரிவில் 24 பேர் உயிரிழந்தனர். 1995-ஆம் ஆண்டு சனவரியில் வடமேற்கிலுள்ள சூதவிக் ஊரில் 14 பேரும், அதே ஆண்டு அக்டோபரில் ஃபிளாத்தெய்ரி ஊரில் 20 பேரும் பனிச்சரிவுகளில் இறந்தனர். இவற்றுக்குப் பின் இடர்மண்டலங்கள் வரையறுக்கப்பட்டன. வீடுகளுக்கு மேலே தடுப்பணைகளும் தடுப்பு வேலிகளும் கட்டப்பட்டன. பனிச்சரிவு எச்சரிக்கைப் பொறுப்பு நாட்டின் வானிலை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பொருளாதாரச் சரிவும் அயல் முதலீடும்

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகள் சில நாள்களுக்குள் வீழ்ச்சியடைந்தன. தொடரில் வரும் தீ விபத்து, ஒளிபரப்புக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், அதாவது ஏறத்தாழ அதே காலத்தில் நிகழ்ந்ததாக அமைக்கப்பட்டுள்ளது. மீன்தொழில் நலிந்த ஓர் ஊரில் வெளியிலிருந்து வரும் பெரும்பணம் எத்தகைய ஆசையையும் பிளவையும் உண்டாக்கும் என்பதை முதற் பருவம் காட்டுகிறது. துறைமுகத் திட்டம் கற்பனையாயினும் அதற்கு ஒத்த நிகழ்வுகள் உண்டு. வடகிழக்கு ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் நிலத்தை வாங்க ஒரு சீனத் தொழிலதிபர் முன்வந்தபோது, 2011 நவம்பரில் அந்நாட்டு அரசு அதற்கு இசைவு மறுத்தது. வடமுனைக் கடலின் பனி உருகுவதால் புதிய கப்பல்வழி உருவாகலாம் என்னும் எதிர்பார்ப்பு இத்தகைய திட்டங்களின் பின்னணியில் இருந்தது.

இரண்டாம் பருவத்தின் அலுமினிய ஆலைக் கதைக்கும் கிழக்கு ஐஸ்லாந்திலேயே முன்நிகழ்வு உண்டு. கௌரானியூகர் நீர்மின் திட்டமும், அதன் மின்சாரத்தைக் கொண்டு 2007-இல் ரெய்தார்ஃபியோர்துர் ஊரில் இயங்கத் தொடங்கிய அலுமினிய ஆலையும் நாடளாவிய எதிர்ப்பைச் சந்தித்தன. வேலைவாய்ப்பா, இயற்கையா என்னும் அந்த விவாதம் இரண்டாம் பருவத்தில் ஒரு குடும்பத்துக்குள் நிகழும் பிளவாக வடிவம் பெறுகிறது.

ஒளிபரப்பும் வரவேற்பும்

முதலிரு பகுதிகள் 2015 செப்டம்பரில் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டன. பிரித்தானியாவில் பிபிசி நான்கு அலைவரிசை 2016 பிப்ரவரி 13 முதல் சனிக்கிழமை இரவுகளில் இதனை ஒளிபரப்பியது. 2016-ஆம் ஆண்டு சிறந்த ஐரோப்பியத் தொலைக்காட்சி நாடகத் தொடருக்கான பிரி யூரோபா விருது இதற்கு வழங்கப்பட்டது. மூன்றாம் பருவம் 2022-இல் நெட்ஃபிளிக்சு வழியாகப் பன்னாட்டுப் பார்வையாளர்களைச் சென்றடைந்தது.

ஓலாஃபுர் தாரியின் நடிப்பு குறிப்பாகப் பாராட்டப்பட்டது. தாடியும் பெருத்த உடலும் மெல்லிய குரலும் கொண்ட ஆந்திரி, அக்காலத் துப்பறியும் தொடர்களின் விறைப்பான நாயகர்களிலிருந்து வேறுபட்டவராகக் காணப்பட்டார். கதைமாந்தரின் எண்ணிக்கையும் கிளைக்கதைகளும் மிகுதி என்பது திறனாய்வாளர் சிலர் சுட்டிய குறையாகும். பயணிகள் அனைவரையும் கப்பலிலேயே தடுத்துவைப்பது நடைமுறையில் இயலுமா என்னும் வினாவும் எழுப்பத்தக்கதே.

வடநாட்டுக் குற்றப்புனைவில் இடம்

டென்மார்க்கின் 'ஃபோர்ப்ரிதெல்சன்' (2007), சுவீடனும் டென்மார்க்கும் இணைந்து தயாரித்த 'புரோன்' (2011) ஆகியவற்றுக்குப் பின் வடநாட்டுக் குற்றத் தொடர்கள் உலக அளவில் கவனம் பெற்றன. இவை பெரும்பாலும் பெருநகரங்களைக் களமாகக் கொண்டவை. அரசியலும் நிருவாகமும் குற்றத்துடன் பின்னியிருப்பதைக் காட்டியவை. ஓஃபைர்த் அதே ஆய்வை எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு சிற்றூரில் நிகழ்த்துகிறது. இதே ஆண்டில் வெளிவந்த 'ஃபார்டிட்யூட்' என்னும் பிரித்தானியத் தொடரும் வடமுனைப் பகுதியின் தொலைதூர ஊர் ஒன்றில் நிகழ்வதாகும். அதன் வெளிப்புறக் காட்சிகளும் கிழக்கு ஐஸ்லாந்தின் ரெய்தார்ஃபியோர்துரில் எடுக்கப்பட்டன. எனினும் அது உயிரியல் அச்சக் கதையை நோக்கிச் செல்ல, ஓஃபைர்த் அன்றாட வாழ்வின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

தொடருக்குப் பின் செய்திஸ்ஃபியோர்துர்

2020 திசம்பரில் பல நாள்கள் பெய்த பெருமழையால் செய்திஸ்ஃபியோர்துரின் மலைச்சரிவுகளில் மண்சரிவுகள் ஏற்பட்டன. திசம்பர் 18 அன்று நேர்ந்த பெருஞ்சரிவில் பழமையான வீடுகள் பல அழிந்தன. ஊர்மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு எதுவும் ஏற்படவில்லை. மக்கள் அனைவரும் தம் ஊரைவிட்டு வெளியேறிச் செல்ல அன்று பயன்பட்டது, தொடரில் மூடிக்கிடந்த அந்த ஒரே கணவாய்ச் சாலையாகும். அக்கணவாய்க்குக் கீழே சுரங்கச்சாலை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கையாகும்.